போலீசுக்குப் பாடம், பிள்ளைக்கு ஆட்டுக்கிடை!

போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாநிலம் பூராவும் வருஷந்தோறும் கொடுக்கிறார்கள். ஜில்லாத் தலைநகரில் ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. சப்-இன்ஸ்பெக்டர்களும் ஏட்டுகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவது எப்படி, ஆள் கடத்தலைக் கண்டறிவது எப்படி, சிறுவர் சிறுமியரை ஸ்டேஷனில் நடத்துவது எப்படி என்று மூன்று தலைப்பில் பேசுகிறார்கள். திரையில் படம் காட்டுகிறார்கள். நடுவில் டீயும் வடையும் வருகின்றன. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அங்கே சொல்லப்படும் பாடம் என்ன? பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காணோம் என்று ஒருவர் வந்து சொன்னால் "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. உடனே எப்.ஐ.ஆர். போட வேண்டும். பிள்ளை கடத்தப்பட்டிருக்கிறது என்றே முதலில் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். இது சுப்ரீம் கோர்ட்டு 2013 மே 10ந் தேதி போட்ட உத்தரவு. "அது எங்கள் எல்லை இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்குப் போ" என்று தட்டிக் கழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுபோக வேண்டும். பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்றாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. கையில் விலங்கு மாட்டக் கூடாது. காக்கிச் சட்டையோடு எதிரே உட்கார்ந்து மிரட்டக் கூடாது. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் குழந்தை நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். ஜில்லாவுக்கு ஒரு தனிப் பிரிவு, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் தலைமையில் இயங்க வேண்டும். அதில் இரண்டு சமூக சேவகர்கள், ஒருவர் கட்டாயம் பெண்.

அத்தனையும் நல்ல பாடம். இதில் ஒரு வரியைக்கூட நாம் ஆட்சேபிக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். மண்டபத்தை விட்டு வெளியே வந்து ஜீப்பில் ஏறி ஸ்டேஷனுக்குத் திரும்பும் அந்த அதிகாரியின் கண்ணில், சாலையோர வயலில் ஆட்டுக்கிடையில் நிற்கும் பையன் படுகிறானா, இல்லையா?

காவிரி டெல்டாவில் வாழ்கிற எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. தை மாதம் சம்பா அறுவடை முடிகிறது. உளுந்தும் பயறும் விதைக்காத வயல்களில் தாள் மட்டும் நிற்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பகலில் மேய்ச்சல். இரவில் ஒரு வயலில் கிடை மறிக்கிறார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். வயல்காரர் ராத்திரிக் கணக்குப் போட்டுக் காசு கொடுக்கிறார். ஆனி ஆடியில் தண்ணீர் வரும்வரை இப்படி ஊர் ஊராக நகர்கிறது கிடை. வாத்து மேய்ப்பவர்களும் அதேபோல் வயல் வயலாகப் போகிறார்கள். நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில் இது. தொழிலின் மேல் நமக்குப் பகை இல்லை.

ஆனால் அந்த மந்தைக்குப் பின்னால் கையில் குச்சியோடு ஓடுகிற பையன் யார்? பத்து வயது இருக்கும், பன்னிரண்டு இருக்கும். அவன் கீதாரியின் மகனாக இருக்கலாம். பல இடங்களில் மகன் அல்ல. பெற்றவன் கையில் முன்பணம் கொடுத்து வருஷக் கணக்கில் வாங்கி வந்த பிள்ளை. ராத்திரி ஆட்டோடு ஆடாகக் கிடக்கிறான். குட்டி ஒன்று செத்தால் அவன் கணக்கில் கடன் ஏறுகிறது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. காணாமல் போனோர் பதிவேட்டிலோ பெயரே இல்லை. ஏனென்றால் அவனைக் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. அவன் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறான்!

கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16ந் தேதி விடியற்காலையில் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையில் கரை ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. தோப்பு வைத்திருந்தவனுக்கு நஷ்ட ஈடு என்று பேச்சாவது நடந்தது. தோப்பில் கூலி வேலை செய்தவனுக்குக் குடிசையும் போயிற்று, வேலையும் போயிற்று. அந்த வருஷம் டிசம்பரில் ஒரு செய்தி வெளிவந்தது. தஞ்சை ஜில்லாவில் புயலால் எல்லாம் இழந்த ஒரு கூலிக் குடும்பம், பத்து வயதுப் பையனை 36,000 ரூபாய்க்கு நாகை ஜில்லாவில் ஒருவரிடம் ஆடு மேய்க்க விட்டிருந்தது. சைல்டுலைன் ஊழியர்கள் தகவல் கேட்டுப் போய் அந்தப் பிள்ளையை மீட்டார்கள்.

புயல் வந்த நாளிலிருந்து அந்தப் பிரதேசத்தில் எத்தனை போலீஸ்! நிவாரணம் கேட்டு மறியல் செய்த ஜனங்களைக் கலைக்கப் போலீஸ். மந்திரிமார்கள் காருக்குப் பாதுகாப்பாகப் போலீஸ். இத்தனை காக்கிச் சட்டைகளுக்கு நடுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குக் கைமாறிப் போகிறான். ஒரு கண்ணிலும் படவில்லை. கடைசியில் போய்க் கண்டுபிடித்தவர்கள் துப்பாக்கியும் தொப்பியும் இல்லாத தொண்டு ஊழியர்கள். அந்த சைல்டுலைனையும் 2023இல் பழைய ஸ்தாபனத்தின் கையிலிருந்து எடுத்து சர்க்கார் இலாகாவோடு சேர்த்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.

"அப்பனே கொடுத்திருக்கிறான்!"

இதைப்பற்றி ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். "கடத்தல் எங்கேயய்யா இருக்கு? அப்பனே கைநீட்டிப் பணம் வாங்கிக்கிட்டு அனுப்பியிருக்கான். பையனும் சம்மதிச்சுத்தானே போயிருக்கான்?"

பயிற்சி முகாமில் பாதித் தூக்கத்தில் இருந்தவர் பேசும் பேச்சு இது. விழித்திருந்தவரும் இதையேதான் பேசுகிறார், அதுதான் அக்கிரமம். ஆள் கடத்தல் என்றால் என்ன என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவும் அதையேதான் சொல்லிற்று. சுரண்டுவதற்காக ஒரு ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, வைத்திருப்பது, பெற்றுக்கொள்வது குற்றம். பலாத்காரம் செய்தால் மட்டுமல்ல. அந்த ஆள் யாருடைய பொறுப்பில் இருக்கிறாரோ அவருக்குப் பணமோ பலனோ கொடுத்துச் சம்மதம் வாங்கினாலும் குற்றம். கடத்தப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிள்ளையாக இருந்தால் குறைந்தது 10 வருஷக் கடுங்காவல், ஆயுள் முழுவதும்கூட ஆகலாம்.

ஆக, "அப்பனே பணம் வாங்கிக்கொண்டான்" என்பது கடத்தல் இல்லை என்பதற்குச் சாட்சியம் அல்ல. கடத்தல்தான் என்பதற்குச் சாட்சியம். எதை வைத்து ஸ்டேஷனில் புகாரைத் தள்ளுகிறார்களோ, அதே வாக்கியத்தை வைத்துத்தான் எப்.ஐ.ஆர். எழுத வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நெஞ்சில் பதிய வைத்து அனுப்பினால் போதும், அந்த முகாமுக்குச் செலவழித்த மக்கள் பணம் வீணாகவில்லை என்று நாமே எழுதுவோம்.

சட்டத்தில் ஓட்டை இல்லையா என்றால், இருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதி, குடும்பத்துக்கு ஒத்தாசையாகப் பள்ளி நேரம் போக வேலை செய்தால் பரவாயில்லை என்று மறு கையால் எழுதினார்கள். கிடைக்கு அதிகாரி யாராவது வந்தால் "இவன் என் மச்சான் பையன் சார், லீவுக்கு வந்திருக்கான்" என்கிறார் ஆட்டுக்காரர். ஜீப் திரும்பிவிடுகிறது. மச்சான் ஊர் எது, பையன் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மாதமாக லீவு என்று மூன்று கேள்வி கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

நகை காணோம், பிள்ளை காணோம்

போலீசுக்குத் தேடத் தெரியாது என்று யார் சொன்னது? 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லாவில் மடப்புரம் கோவிலுக்கு வந்த ஒருவரின் காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார் வந்தது. உடனே தேடினார்கள். தனிப்படை வந்தது. கோவில் காவலாளியாக வேலை பார்த்த அஜித்குமார் என்ற வாலிபனைப் பிடித்து, அடித்து, கொன்றே போட்டார்கள். என்னே சுறுசுறுப்பு! நகை காணாமல் போனால் உயிரை எடுத்தாவது தேடுகிற இலாகா, விவசாயத் தொழிலாளியின் மகளைக் காணோம் என்றால் என்ன செய்கிறது?

டெல்டாவில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெற்றவன் மனு எழுதிக்கொண்டு போகிறான். எழுதத் தெரியாதவன் யார் கையையோ பிடித்து எழுதி வாங்கிக்கொண்டு போகிறான். "சொந்தக்காரன் வீட்டிலே பாத்தியா?" முதல் கேள்வி. பெண்பிள்ளை என்றால் "எவனோட போனா?" என்பது அடுத்தது. தாயின் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பிறகு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. சமுதாயப் பணிப் பதிவேடு என்று அதற்கு அழகான பெயர். எப்.ஐ.ஆருக்கும் அந்த ரசீதுக்கும் உள்ள வித்தியாசம் பாமர ஜனங்களுக்குத் தெரியாது. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதே என்று மடித்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். எப்.ஐ.ஆர். போட்டால் நகல் மாஜிஸ்டிரேட்டுக்குப் போகும். விசாரணை நடந்தே தீர வேண்டும். சி.எஸ்.ஆர். ஸ்டேஷன் அலமாரியிலேயே தூங்கலாம்.

கடைசி வழியாக ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போடு என்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் மதுரைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகைக்காரன் சென்னைக்குப் போக வேண்டும். பஸ் சத்தத்துக்கே வட்டிக்கு வாங்க வேண்டியவன் வக்கீல் பீசுக்கு எங்கே போவான்?

ஏழைத் தகப்பனின் புகாரை அலட்சியம் செய்தால் எங்கே போய் முடியும் என்பதை டெல்லிக்குப் பக்கத்தில் நிதாரியில் தேசமே பார்த்தது. பிழைக்க வந்த கூலிகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றவர்கள் ஸ்டேஷன் வாசலில் மாதக் கணக்கில் நின்றார்கள். 2006 டிசம்பரில் ஒரு பங்களாவின் சாக்கடையிலிருந்து எலும்புகளை எடுத்தார்கள். அதற்குப் பின்னால்தான் கமிஷனும் சுற்றறிக்கையும் விதிமுறைகளும் வந்தன. இன்று முகாமில் படித்துக்காட்டும் பாடத்தின் பின்னால் அந்தப் பிள்ளைகளின் எலும்பு இருக்கிறது.

இத்தனை தூரம் போவானேன்? 2025 மே மாதத்தில் நம் மாநிலத்திலேயே, காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் ஒரு குழியைத் தோண்டினார்கள். ஒன்பது வயதுப் பையனின் உடல். ஆந்திராவைச் சேர்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. வாத்து மேய்க்கும் ஒருவரிடம் வாங்கிய கடனுக்காகப் பெற்றோர் வேலை செய்தார்கள். கடன் தீரவில்லை என்று பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொண்டார். தாய் பணம் தேடிக்கொண்டு வந்து கேட்டபோது "பையன் ஓடிப்போய்விட்டான்" என்று பதில். பிள்ளை இறந்து மண்ணுக்குள் கிடந்தான்.

"ஓடிப்போய்விட்டான்!" இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிமையாக வைத்திருந்தவன் சொல்லும் வார்த்தை இது. ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டில் எழுதும் வார்த்தையும் இதுவேதான். வாங்கினவனும் எழுதுகிறவனும் ஒரே வார்த்தையைப் பேசினால் நடுவில் நிற்கிற தாய்க்கு யார் கதி?

தஞ்சை மண்ணுக்கு இது புதிதா?

பழைய தஞ்சை ஜில்லாவுக்கு ஆள் பிடித்து விற்பது தெரியாத விஷயமல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் கப்பலாகக் கூலிகளை ஏற்றினார்கள். ஆசை காட்டியும், ஏமாற்றியும், பிடித்தும் கொண்டுபோகிறார்கள் என்று 1870ஐ ஒட்டித் தஞ்சை ஜில்லாவின் துரை அதிகாரியே மேலிடத்துக்கு எழுத வேண்டி வந்தது. பிறகு என்ன ஆயிற்று? கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், சட்டம் செய்தார்கள், சட்டப்படியே மறுபடி ஏற்றினார்கள்!

கடல் தாண்டாதவன் கதி என்ன? மிராசுதாரின் பண்ணையில் பண்ணையாள். தகப்பன் வயலில், தாய் வயலில், பிள்ளை மாட்டுக் கொட்டிலில். பண்ணையாளின் மகன் பண்ணை மாட்டை மேய்க்க வேண்டும் என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகவே இருக்கவில்லை. வரப்பில் ஓடி வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். அன்றைய போலீஸ் என்ன செய்தது? சவுக்கை வைத்திருந்தவனைக் கேட்கவில்லை. சவுக்கைப் பிடுங்கியவனை வேட்டையாடியது. 1943 முதல் தோழர் பி. சீனிவாசராவும் மற்றத் தோழர்களும் சேரி சேரியாகச் சென்று செங்கொடியை ஏற்றினார்கள். 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தம் போட மிராசுதார்கள் இறங்கி வந்தார்கள். சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தன. அதற்குப் பதிலாக வந்தது மலபார் ஸ்பெஷல் போலீஸ். களப்பால் குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் மாண்டார். வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் 1950இல் சுட்டுக் கொன்றார்கள். 1952இல்தான் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அன்றிரவு போலீஸ் எப்போது வந்து சேர்ந்தது என்பதைக் கீழத்தஞ்சையில் எந்தக் கிழவியும் இன்றைக்கும் சொல்வாள்.

இதை ஏன் சொல்கிறோம்? பழங்கதை பேசிப் பொழுது போக்க அல்ல. பண்ணையாளின் பிள்ளையை மாட்டுக் கொட்டிலிலிருந்து மீட்டது எந்தப் பயிற்சி முகாமும் அல்ல. பண்ணையாளே கட்டிய சங்கம். சட்டம் அதன் பின்னால் வந்தது. சங்கம் பலமாக உள்ள கிராமத்தில் ஸ்டேஷன் சட்டத்தைப் படிக்கிறது. சங்கம் இல்லாத கிராமத்தில் ஸ்டேஷன் மிராசுதாரின் முகத்தைப் படிக்கிறது.

இந்த இடத்தில் நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடையில் நிற்கும் பையனைப் போலீஸ் ஜீப் மட்டுமா தாண்டிப் போகிறது? நமது கிளைக் கூட்டத்துக்குப் போகிற தோழரின் சைக்கிளும் அதே சாலையில்தானே போகிறது? மீட்கப்பட்ட பிள்ளையைப்பற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தானே நாமும் தெரிந்துகொண்டோம்? "வெளியூர் ஆடு, வெளியூர்ப் பையன்" என்று நமது தோழர்களும் நினைத்துவிட்டார்கள். கூலி உயர்வுக்கும் குடிமனைக்கும் போராடத் தெரிந்த சங்கம், தன் ஊர் வயலில் ராத்திரி படுத்திருக்கும் பிள்ளையைக் கணக்கில் எடுக்கவில்லை. இது நம் தரப்பில் பெரிய குறை. மூடி மறைப்பதில் லாபமில்லை.

பெண்பிள்ளைகளின் கதை இன்னொரு விதம். அவர்களை ஆட்டுக்கிடைக்கு அல்ல, கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்கு வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். மூன்று வருஷம் ஆலை விடுதியில் இருந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். பெயர் "சுமங்கலித் திட்டம்". பாதியில் உடம்பு கெட்டுத் திரும்பிய பெண்ணுக்கு மொத்தமும் இல்லை, சில்லறையும் இல்லை. வாசற்கதவைப் பூட்டி வைத்திருக்கும் விடுதியில் ஒரு பெண் என்ன ஆனாள் என்று ஊரில் இருக்கும் தாய் கேட்டால், டெல்டா ஸ்டேஷன் மில் இருக்கும் ஸ்டேஷனைக் கைகாட்டும், அந்த ஸ்டேஷன் டெல்டாவைக் கைகாட்டும். இதைப்பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஏட்டையாவைத் திட்டிப் பயனில்லை

இவ்வளவையும் படித்துவிட்டு, கான்ஸ்டபிள்களுக்கு எதிராக எழுதுகிறோம் என்று யாராவது நினைத்தால் தவறு. அவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். குழந்தை நலக் காவல் அலுவலர் என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் பெயரைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அவருக்கே கோவில் திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை, நீதிமன்றச் சம்மன், வாகனச் சோதனை, ராத்திரி ரோந்து எல்லாம். பிள்ளையைத் தேடி அடுத்த ஜில்லாவுக்குப் போக வேண்டுமென்றால் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் புகார் கொடுத்தவனையே கேட்கும் வழக்கம் ஊரறிந்தது. சங்கம் வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. மேலதிகாரி நகையைத் தேடச் சொன்னால் நகையைத் தேடுவார். பிள்ளையைத் தேடச் சொன்னால் பிள்ளையைத் தேடுவார். சொல்வது யார், யாருக்காகச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அதேபோல், பெற்றவனைக் கூண்டில் ஏற்றும் போக்கையும் நாம் கடுமையாக எதிர்க்கிறோம். "குடித்துவிட்டுப் பிள்ளையை விற்றான்" என்று எழுதுவது மேல்தட்டுப் பத்திரிகைகளுக்குச் சுலபம். அறுப்பு மிஷின் வந்த பின் சம்பா அறுவடையில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வேலை? மாசி முதல் வைகாசி வரை வயலில் என்ன வேலை? நூறு நாள் வேலை என்று 2005இல் சட்டம் வந்தது. எத்தனை வீட்டுக்கு நூறு நாளும் முழுசாகக் கிடைத்தது? வாரத் தவணை வசூலிக்க மைக்ரோ பைனான்ஸ்காரன் வாசலில் நிற்கிறான். மந்தை இறங்கும் மாதமும் வேலை இல்லாத மாதமும் ஒன்றே. முன்பணத்தோடு தரகன் வருவதும் அந்த மாதத்தில்தான். இது தற்செயல் என்று சொல்பவன் டெல்டாவைப் பார்த்ததில்லை. கீதாரியும் பல நேரம் கூலிக்காரனே. மந்தையில் பாதி ஆடு ஊரில் இருக்கும் பணக்காரனுடையது. வழக்கு அந்தப் பணக்காரன் வரைக்கும் போக வேண்டும். கிடையில் கஞ்சி குடிப்பவனோடு நின்றுவிடக் கூடாது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9ந் தேதி வந்தது. அந்தச் சட்டப்படி முன்பணக் கடன் முழுவதும் செல்லாது. ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. ஜில்லாவுக்கும் சப்-டிவிஷனுக்கும் கண்காணிப்புக் குழு வைக்க வேண்டும். அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து மத்தியத் திட்டப்படி, மீட்கப்பட்ட பிள்ளைக்கு 2 லட்ச ரூபாய். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு: உடனடி உதவி போக மீதி முழுத் தொகையை, முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிப் போட்டார்கள். போலீஸ் வழக்கை ஒழுங்காக நடத்தாவிட்டால் நஷ்டம் பிள்ளைக்கு! ஆகவேதான் ஸ்டேஷனில் எழுதும் முதல் தாள் இத்தனை முக்கியம். "வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டான்" என்று எழுதினால் ஒன்றுமில்லை. 143ஆம் பிரிவும் கொத்தடிமைச் சட்டமும் போட்டு எழுதினால் அவன் கையில் சான்றும் பணமும் வரும். திரும்ப அடுத்த மாசியில் விற்கப்படாமல் இருப்பான்.

பிப்ரவரி 9ந் தேதி கலெக்டர் ஆபீசிலும் மற்ற ஆபீசுகளிலும் எல்லோரும் எழுந்து நின்று, கையை நீட்டி, கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அது தை மாதக் கடைசி. அந்த நேரத்தில்தான் கிடைகள் டெல்டாவுக்குள் இறங்கத் தொடங்குகின்றன. உறுதிமொழி எடுத்த கையை இறக்கிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும்.

நாம் கேட்பவை சாதாரண விஷயங்கள். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் குழந்தை நலக் காவல் அலுவலரின் பெயர் இருக்கட்டும். அந்த அதிகாரிக்கு மந்திரி பந்தோபஸ்து போடாதீர்கள். பிள்ளை காணோம் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது என்ற பேச்சே கூடாது. எப்.ஐ.ஆர். நகல் அன்றைக்கே பெற்றவன் கையில் இலவசமாகக் கொடுங்கள். ஜில்லாத் தனிப் பிரிவில் இருக்க வேண்டிய இரண்டு சமூக சேவகர்கள் யார் என்று பகிரங்கமாக அறிவியுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பழகிய பெண் ஒருவரை அதில் போடுங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை நான்கு ஜில்லாவிலும் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன தீர்மானித்தது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கிடை மறிக்க இடம் கொடுக்கும் வயல்காரரும் மந்தையில் இருக்கும் பிள்ளைகளின் வயதையும் பள்ளியையும் ஊராட்சியில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்யுங்கள். புயலோ வெள்ளமோ வந்தால் நிவாரண முகாமில் பிள்ளைகளின் தலையை எண்ணி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

நமது சங்கக் கிளைகளுக்கும் ஒரு வேலை. வருகிற தையில் உங்கள் ஊரில் இறங்கும் ஒவ்வொரு கிடைக்கும் போங்கள். சண்டைக்கு அல்ல. கீதாரியோடு உட்கார்ந்து பேசுங்கள். பையனோடு பேசுங்கள், ஊர், தகப்பன் பெயர், எந்த வகுப்பு வரை படித்தான், எவ்வளவு முன்பணம் என்று கேட்டு எழுதுங்கள். 1098க்குப் போன் செய்யுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனு எழுதி முத்திரை வாங்குங்கள். எப்.ஐ.ஆர். போடும்வரை ஸ்டேஷன் வாசலை விட்டு நகராதீர்கள்.

போலீஸ் மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த பயிற்சி முகாமை மண்டபத்தில் வைக்க வேண்டாம். மாசி மாதத்தில் ஒரு நாள், சாதாரண உடையில், சாயங்காலம் கிடை மறிக்கும் நேரத்துக்கு வயலுக்கு வாருங்கள். எந்த வயல் என்று காட்ட நமது தோழர்கள் வரப்பில் காத்திருப்பார்கள்.